பூட்டு இல்லாத விதை

மலாயில் ‘காச்சாங் புஞ்சிஸ்’. இலங்கைத் தமிழில் ‘போஞ்சி’. இரண்டும் ஒரே காய், சொல்லும் ஒன்றுதான். டச்சு மொழியில் பீன்ஸுக்கு ‘போன்ச்சஸ்’ என்று பெயர். மலாக்காவிலும் ஜாவாவிலும் இலங்கைக் கரையோரத்திலும் டச்சுக்காரர்கள் கோட்டை பிடித்து உட்கார்ந்திருந்த காலத்தில் அந்தச் சொல் மலாய்க்குள்ளும் சிங்களத்துக்குள்ளும் நுழைந்தது. இலங்கைத் தமிழுக்கும் வந்துவிட்டது. நாம் வீட்டில் ஆங்கிலேயன் கொடுத்த ‘பீன்ஸ்’, பாசாரில் டச்சுக்காரன் கொடுத்த ‘புஞ்சிஸ்’ என்று இரண்டையும் வைத்துக்கொண்டு சமாளிக்கிறோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், காய் அவர்கள் இருவருடையதும் இல்லை. தாவரவியலில் ஃபேசியோலஸ் வல்காரிஸ் எனப்படும் இந்தச் செடியை மெக்சிகோ பக்கத்து மக்களும் ஆண்டிஸ் மலை மக்களும் தனித்தனியாக, ஒருவரையொருவர் அறியாமலே, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காட்டுக்கொடியிலிருந்து பயிராக்கினார்கள். ஐரோப்பா இதைப் பார்த்ததே கொலம்பஸுக்குப் பிறகுதான். (நம்ம பயத்தங்காய் வேறு கிளை. அது விக்னா இனம், தட்டைப்பயறுக்குப் பங்காளி.) மெக்சிகோவின் நஹுவாட்டில் மொழியில் பச்சைக் காய்க்கு இருந்த பெயர் அங்குள்ள ஸ்பானிய மொழியில் இன்றும் ‘எஹோத்தே’ என்று வாழ்கிறது. கடல் தாண்டியபோது காய் வந்தது, பெயர் வரவில்லை.

விளைவித்தவர் பெயர் போய் விற்றவர் பெயர் நிற்பது பீன்ஸுக்கு அதோடு முடியவில்லை. மீதிக் கதை விதைப் பாக்கெட்டின் மேலேயே அச்சடித்திருக்கிறது.

நான் படித்தது மின்னியல் பொறியியல். எந்தப் பாகத்தைக் கையில் எடுத்தாலும் அதன் டேட்டாஷீட்டைத் தேடுவது தொழில் பழக்கம். விதைப் பாக்கெட்டும் ஒரு டேட்டாஷீட்தான். ‘புஷ் புளூ லேக் 274’ என்று மேலே பெயர். கீழே குத்துச்செடி, நாரற்றது, இத்தனை நாளில் காய்க்கும், இந்த ஆண்டுக்காகப் பொதியப்பட்டது என்று சில வரிகள். சில பாக்கெட்டில் பி.வி.பி. என்று மூன்று எழுத்து. படித்தால் விவசாயக் குறிப்பு மாதிரிதான் தெரியும். ஆனால் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ யாரோடோ போட்ட சண்டை இருக்கிறது.

அந்தச் சண்டை புரிய பீன்ஸ் பூவைப் பற்றி ஒரு விஷயம் தெரியணும். அது விரிவதற்கு முன்னாலேயே தன் மகரந்தத்தைத் தானே சேர்த்துக்கொண்டு விடும். பக்கத்துப் பாத்தியில் வேறு ரகம் நின்றாலும் கலப்பது அபூர்வம். அதனால் ஒரு ரகத்தின் நெற்றைக் காயவைத்து எடுத்த விதையைப் போட்டால் அச்சு அசலாக அதே ரகம் வரும். சோளம் அப்படி இல்லை. ஹைப்ரிட் சோளத்தின் விதையை எடுத்து மறுபடி நட்டால் குணங்கள் சிதறிப்போகும், விளைச்சல் விழும், விவசாயி ஒவ்வொரு வருஷமும் கடைக்குப் போய்த்தான் ஆகணும். ஜாக் குளோப்பென்பர்க் 1988இல் வெளியிட்ட ‘ஃபர்ஸ்ட் த சீட்’ நூலின் மையமே இதுதான். தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் ஒரு பொருளை முதலாளித்துவம் எப்படிச் சரக்காக்கியது என்று அவர் கேட்கிறார். சோளத்துக்கு உயிரியலே பூட்டாக அமைந்துவிட்டது. பீன்ஸுக்கு அந்தப் பூட்டு கிடையாது. பீன்ஸ் பாக்கெட்டில் ‘எஃப்1’ என்று பார்ப்பது அரிது. ஒவ்வொரு பூவையும் கையால் பிரித்துச் சேர்க்கை செய்து விற்றால் விலை கட்டுப்படியாகாது.

ஆக, ஒருமுறை வாங்கியவர் மறுபடி வாங்கவே தேவையில்லாத ஒன்றை விற்றுப் பிழைக்கணும். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி நன்றாகத் தெரியும். விதைக்குள் போட முடியாத பூட்டை லேபிளில் போட்டுப் பார்த்ததுதான் பீன்ஸ் பாக்கெட்டின் வரலாறு என்று நான் நினைக்கிறேன்.

பாக்கெட்டைப் பரவலாக்கியவர்கள் அமெரிக்காவின் ஷேக்கர்கள். திருமணம் செய்துகொள்ளாமல் கூட்டாக வாழ்ந்த ஒரு கிறிஸ்துவச் சமூகம். அதுவரை விதையை மூட்டையிலிருந்து அள்ளி எடைபோட்டு விற்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷேக்கர்கள் அதைச் சின்னக் காகித உறைகளில் போட்டு, வண்டியில் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கடைகளில் வைத்தார்கள். உறையின் மேல் சமூகத்தின் பெயர் இருந்தது. நேர்மையானவர்கள் என்ற பெயர்தான் அவர்களுடைய முதல். அடுத்து வந்த கம்பெனிகள் உறையை எடுத்துக்கொண்டு அதன்மேல் வண்ணப்படம் சேர்த்தன. பெயர் வைப்பதிலும் இறங்கின.

கென்டக்கி வொண்டர் இன்றும் கடையில் கிடைக்கும் கொடி பீன்ஸ். 1864இல் ஒரு அமெரிக்க விவசாய இதழில் ‘டெக்சஸ் போல்’ என்ற பெயரில் அது வந்தது. 1877இல் ஜேம்ஸ் கிரெகரி என்ற விதை வணிகர் ‘கென்டக்கி வொண்டர்’ என்று விற்கத் தொடங்கினார். ‘ஓல்டு ஹோம்ஸ்டெட்’ என்று விற்கப்பட்டதும் இதுவேதான். கொடி ஒன்று, பெயர் மூன்று. பக்கத்து வீட்டுக்காரரிடமே இருக்கும் விதையைக் காசு கொடுத்து வாங்கவைக்க வேண்டுமென்றால் அது புதுசு என்று நம்பவைக்க வேண்டும். புதுப் பெயரைவிட மலிவான வழி எது? குழப்பம் முற்றிப்போய், 1907இல் அமெரிக்க விவசாயத் துறை டபிள்யூ. டபிள்யூ. டிரேசி எழுதிய ஓர் அறிக்கையை வெளியிட்டது. அமெரிக்காவின் தோட்ட பீன்ஸ் ரகங்களை விவரித்து, எந்தப் பெயரும் எந்தப் பெயரும் ஒன்று என்று பிரித்துச் சொல்லும் வேலை. பார்க்க வறண்ட பட்டியல்தான். ஆனால் மறுபெயர்களின் வரிசை ஒரு வணிகத்தின் வாக்குமூலம் போல நீள்கிறது.

நார் விஷயம் இன்னும் சுவாரசியம். நம் அம்மாக்கள் பீன்ஸ் நறுக்கும்போது இரண்டு முனையையும் கிள்ளி ஓரமாக இழுப்பார்கள். முன்பு அந்த இழுப்புக்கு நீளமான நார் வரும். ஆங்கிலத்தில் இதற்கு ‘ஸ்டிரிங் பீன்ஸ்’ என்று பெயர் வந்ததே அதனால்தான். நியூயார்க் மாநிலத்தில் லெ ராய் என்ற சின்ன ஊரில் கால்வின் கீனி என்று ஒருவர் இருந்தார். (ஜெல்-ஓ பிறந்த ஊரும் அதுவே. ஒரு ஊருக்கு இரண்டு சமையலறைப் புரட்சி கொஞ்சம் அதிகம்தான்.) பீன்ஸ் விதையை மொத்தமாக விளைவித்துக் கம்பெனிகளுக்குக் கொடுப்பது அவர் குடும்பத் தொழில். நார் குறைந்த செடிகளைத் தேடித் தேடி விதையெடுத்து, கடைசியில் நாரே இல்லாத ரகத்தைக் கொண்டுவந்தார். 1894இல் அது சந்தைக்கு வந்தது. பாக்கெட்டில் இருந்த பெயர் ‘பர்பீஸ் ஸ்டிரிங்லெஸ் கிரீன் பாட்’. விற்றது பர்பீ கம்பெனி, அதனால் அது பர்பீயின் பீன்ஸ். நாரில்லா பீன்ஸின் தந்தை என்று கீனியைத் தோட்டக்கலை வரலாற்று ஆர்வலர்கள் கொண்டாடுகிறார்கள். பாக்கெட்டை மட்டும் படித்தவருக்கு அப்படி ஒருவர் இருந்ததே தெரியாது.

அமெரிக்க மத்திய விதைச் சட்டம் வந்தது 1939இல். பொய்ப் பெயரில் விதையை மாநிலம் தாண்டி விற்பது அதன்பிறகு குற்றம். முளைப்புத்திறனுக்கும் கீழ் வரம்பு வைத்தார்கள். தோட்ட பீன்ஸுக்கு நூற்றுக்கு 70. (வெண்டைக்காய்க்கு வெறும் 50.) சின்னப் பாக்கெட்டில் இருக்கும் விதை அந்த வரம்பைத் தாண்டினால் அந்தச் சட்டப்படி எண்ணை அச்சிடவே வேண்டாம். தாண்டாவிட்டால் ‘தரத்துக்குக் கீழ்’ என்று வெளிப்படையாகப் போடணும். ஆக, எண் இல்லாத பாக்கெட் நல்ல பாக்கெட். வாங்குகிறவர்கள் பொதுவாக இதைத் தலைகீழாகத்தான் புரிந்துகொள்வார்கள். கீழே பொடி எழுத்தில் இன்னொன்று இருக்கும். விளைச்சலுக்குக் கம்பெனி பொறுப்பில்லை, மிஞ்சி மிஞ்சிப் போனால் விதையின் விலையைத் திருப்பித் தரும். அந்த வாசகம் எந்தச் சட்டம் வந்தும் அசையவில்லை.

இப்போது ‘புஷ்’ என்ற சொல்லுக்கு வருவோம். புளூ லேக் முதலில் கொடி பீன்ஸ். கலிபோர்னியாவில் யுகையா நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள புளூ லேக் வட்டாரத்தின் பெயர் அது. டின்னில் அடைக்க ஏற்ற காய், உருண்டையாக நேராக இருக்கும். விதை வெள்ளை என்பதால் டின் தண்ணீர் கலங்காது. ஓரிகன் மாநிலத்தின் வில்லாமெட் பள்ளத்தாக்கில் கம்பியும் கம்பும் நட்டு ஏராளமாக வளர்த்தார்கள். கொடியில் காய் ஒரே நாளில் முற்றாது, வாரக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். அதனால் பறிக்கக் கை வேண்டும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் பறித்தார்கள், இடம்பெயர்ந்து வந்த கூலிக் குடும்பங்கள் பறித்தன. பிறகு அறுவடை இயந்திரம் வந்தது. இயந்திரத்துக்குக் கொடி ஆகாது. குட்டையாக நின்று, எல்லாக் காயும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முற்றி, ஒரே ஓட்டத்தில் உருவிக்கொண்டு போக வசதியான செடி வேண்டும். ஃபெர்ரி மோர்ஸ் கம்பெனி 1961இல் வெளியிட்ட குத்துச்செடி ரகம்தான் புஷ் புளூ லேக் 274. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் அதே சுவையைக் குத்துச்செடியில் கொண்டுவரப் பல ஆண்டுகள் உழைத்தது. சில ஆண்டுகளில் பந்தல்கள் வில்லாமெட்டிலிருந்து இறங்கின. பறித்தவர்களும் வேறு வேலை தேடிப் போனார்கள். பாக்கெட்டில் இந்தக் கதைக்கு ‘கம்பு தேவையில்லை’ என்று பெயர்.

ஊர்ப் பெயரும் எண்ணும் சேர்ந்த இந்த மாதிரிப் பெயர் நம் தாத்தா பாட்டிகளுக்குப் பழக்கமானது. ஆர்.ஆர்.ஐ.எம். 600, பி.பி. 86 என்று பால்மரத்தின் குளோன்களைத் தோட்டத்தில் எண் சொல்லித்தான் குறிப்பிடுவார்கள். பி.பி. என்றால் பிராங் பெசார், சிலாங்கூரில் இருந்த தோட்டம். எந்த மரம் அதிகம் பால் தருகிறது என்று சீவி, அளந்து, பதிந்து, பல வருஷம் பார்த்துத்தான் தாய்மரத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அதிலிருந்து மொட்டு எடுத்து ஒட்டினால் அதே மரம் எத்தனை வேண்டுமானாலும் வரும். பீன்ஸ் மாதிரியே, நகல் எடுக்கத் தடையில்லாத செடி. 1995இல் அந்தத் தோட்டத்து மண்ணில் புத்ராஜெயா எழும்பத் தொடங்கியது. அங்கிருந்த தோட்டக் குடும்பங்கள் டெங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். பிராங் பெசார் என்ற பெயர் இன்றைக்குத் தாவரவியல் கட்டுரைகளில் இரண்டு எழுத்தாக மிச்சமிருக்கிறது. பாலைச் சீவி அந்த அளவுகளை உண்டாக்கிய கைகளுக்கு ஓர் எழுத்தும் இல்லை.

நாள் கணக்கு வரியைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். ‘58 நாள்’ என்பது அந்த ரகத்தைச் சோதித்துப் பார்த்த குளிர் தேசத்து வயலின் 58 நாள். பகலில் 30 பாகையைத் தாண்டி, இரவிலும் குளிராத இடத்தில் இந்தச் செடி பூக்கும், பிறகு பூவை உதிர்த்துவிடும். புஞ்சிஸ் நமக்குக் கேமரன் மலையிலிருந்து இறங்கி வருவதற்குக் காரணம் அதுதான். பாக்கெட் பொய் சொல்லவில்லை. அது கிள்ளானைப் பார்த்துப் பேசவில்லை, அவ்வளவே.

மூன்று எழுத்துப் பி.வி.பி. வந்த பிறகு பூட்டு சட்டமாகிறது. அமெரிக்கா 1970இல் தாவர ரகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. புதிய ரகத்தை உருவாக்கியவருக்குக் குறிப்பிட்ட காலம் ஏகபோக உரிமை. ஆனால் விவசாயி விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம், மிஞ்சியதை இன்னொரு விவசாயிக்கு விற்கவும் செய்யலாம் என்று ஒரு சந்து விட்டிருந்தார்கள். 1994 திருத்தம் அந்த விற்பனைச் சந்தை மூடியது. யூபோவ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் 1991 வடிவத்தோடு ஒத்துப்போவதற்காகச் செய்த திருத்தம் அது. கையில் எடுத்துவைத்துக்கொள், யாருக்கும் விற்காதே. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊருக்கு வரும்போது தேவைப்படும்.

எல்லாப் பெயரும் விற்றவர் வைத்ததல்ல. ‘செரோக்கி டிரெயில் ஆஃப் டியர்ஸ்’ என்று ஒரு கொடி பீன்ஸ் உண்டு. பளபளக்கும் கறுப்பு விதை, பச்சையாகவும் சாப்பிடலாம், முற்றவிட்டுப் பயறாகவும் சாப்பிடலாம். செரோக்கி மக்களை 1838இல் அமெரிக்க அரசு அவர்கள் நிலத்திலிருந்து பெயர்த்து ஓக்லஹோமாவுக்கு நடத்திக்கொண்டு போனது. வழியில் சுமார் 4,000 பேர் செத்துப்போனார்கள் என்று கணிக்கிறார்கள். கண்ணீர்ப் பாதை என்று வரலாறு அதைச் சொல்கிறது. அந்த நடையில் முன்னோர் கொண்டுவந்த விதை என்று, செரோக்கி வம்சாவளியைச் சேர்ந்த ஜான் வைச் 1977இல் ‘சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்’ அமைப்புக்கு அதைக் கொடுத்தார். இரண்டு வருஷத்துக்கு முன்புதான், 1975இல், தொடங்கப்பட்ட அமைப்பு அது. குடும்பங்களில் கைமாறிவந்த விதைகளை அழியாமல் பகிர்வது அதன் வேலை. வீட்டை, மாட்டை, நிலத்தை விட்டுவிட்டுப் போகச் சொன்னபோது ஒருவர் பீன்ஸ் விதையை முடிந்துகொண்டு நடந்திருக்கிறார். இப்போது அது கடைப் பாக்கெட்டிலும் அதே பெயரில் வருகிறது. நான்கு சொல்லில் ஒரு சமூகத்தின் இடப்பெயர்வை அச்சடித்து விற்கும் இந்தப் பாக்கெட்டைப் பற்றி எனக்கு இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. நினைவு காப்பாற்றப்படுகிறது, உண்மை. அதற்கு விலைச்சீட்டும் இருக்கிறது.

எனோலா கதையில் எனக்கு அந்தத் தயக்கம் கிடையாது. இது பச்சைக் காய்க்காக வளர்ப்பதல்ல, பயறுக்காக. ஆனால் அதே ஃபேசியோலஸ் வல்காரிஸ். கொலராடோவைச் சேர்ந்த ஒரு விதை வணிகர் 1994இல் மெக்சிகோவில் ஒரு பை பீன்ஸ் வாங்கினார். அதிலிருந்த மஞ்சள் விதைகளைப் பொறுக்கி ஊரில் நட்டு, சில தலைமுறை தேர்வு செய்து, ‘எனோலா’ என்று பெயர் வைத்து, 1999இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். காப்புரிமையில் விதையின் மஞ்சள் நிறத்தை மன்செல் வண்ணப் புத்தகத்தின் எண்களால் வரையறுத்திருந்தார். அந்த நிறம் அவருடையது என்று பொருள். உடனே மெக்சிகோவிலிருந்து மஞ்சள் பீன்ஸ் இறக்குமதி செய்தவர்கள்மேல் வழக்குப் போட்டார். அந்த விதையைத் தலைமுறைகளாக விளைவித்த நாட்டின் விவசாயிகள் அதை அமெரிக்காவில் விற்க இவருக்குப் பணம் கட்டணும்.

கொலம்பியாவின் கலி நகரத்தில் உள்ள சியாட் என்ற சர்வதேச விவசாய ஆராய்ச்சி மையம் 2000இல் இதை எதிர்த்து மறுபரிசீலனை கேட்டது. உலகின் மிகப் பெரிய பீன்ஸ் விதைத் தொகுப்பு அங்கேதான் இருக்கிறது. அதிலேயே மஞ்சள் விதைகள் ஏராளம். 2004இல் வந்த ஒரு மரபணு ஆய்வு, எனோலாவும் மெக்சிகோவில் ஏற்கெனவே இருந்த ‘அசுஃப்ராதோ பெருவானோ 87’ என்ற ரகமும் ஒன்றே என்று காட்டியது. ஆனாலும் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியம் அதைத் தள்ளுபடி செய்ய 2008 ஆனது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் உறுதிசெய்தது. பத்து வருஷம். 20 வருஷக் காப்புரிமையில் பாதிக்காலம் ஓடிவிட்டது. தோற்றாலும் வென்ற மாதிரிதான்.

இந்தப் பூட்டை மறுபக்கம் திருப்பிப் போடலாமா என்று யோசித்தவர்களும் உண்டு. குளோப்பென்பர்க்கும் சில தாவர இன விருத்தியாளர்களும் 2012இல் திறந்தமூல விதை முயற்சி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். எங்கள் துறையில் லினக்ஸ் நடக்கும் அதே தர்க்கம். விதையை யாரும் எப்படியும் பயன்படுத்தலாம், அதிலிருந்து உருவாக்கியதைப் பூட்டக்கூடாது. முதலில் சட்டப்படி செல்லும் ஓர் உரிமம் எழுதத்தான் முயன்றார்கள். வக்கீல்கள் எழுதி எழுதி அது பக்கக்கணக்கில் நீண்டுவிட்டது. பாக்கெட்டின் முதுகில் இடம் போதவில்லை. கடைசியில் சில வரி உறுதிமொழியாகச் சுருக்கினார்கள். 2014இல் அந்த உறுதிமொழியோடு முதல் ரகங்கள் வெளிவந்தன. நீதிமன்றத்தில் அது எவ்வளவு தாங்கும் என்பது வேறு விஷயம். 200 வருஷமாக விற்பவருக்காகவே பேசிவந்த இடத்தில் நாலு வரி வேறு குரலில் இருக்கிறது.

மலேசியாவில் இதே விவகாரம் 634ஆவது சட்டமாக இருக்கிறது. புதிய தாவர ரகங்களின் பாதுகாப்புச் சட்டம், 2004. அதை எழுதியவர்கள் யூபோவை அப்படியே நகலெடுக்கவில்லை. பதிவுசெய்த ரகமாக இருந்தாலும் சிறு விவசாயி தன் நிலத்தில் விதை எடுத்து நடலாம், மற்ற சிறு விவசாயிகளோடு நியாயமான அளவில் மாற்றிக்கொள்ளலாம், வெள்ளம் மாதிரி அவசரத்தில் தன்னால் நட முடியாமல் போனால் எடுத்துவைத்ததை விற்கவும் செய்யலாம் என்று விதிவிலக்குகளை வைத்தார்கள். அமெரிக்கா 1994இல் மூடிய சந்தில் ஒரு பகுதியை இங்கே திறந்தே விட்டிருந்தார்கள் என்று சொல்லலாம். இன்னொன்றும் செய்தார்கள். புதிய ரகம் பாரம்பரிய ரகத்திலிருந்து உருவாக்கப்பட்டது என்றால், அதைக் காத்துவந்த உள்ளூர்ச் சமூகத்தின் முன்சம்மதத்தை விண்ணப்பத்தோடு காட்டணும். கீனியையும், மெக்சிகோ விவசாயியையும், ஓக்லஹோமாவுக்கு நடந்த அந்தப் பெயர் தெரியாதவரையும் தேடக்கூடிய கேள்வி அந்தப் படிவத்தில் இருக்கிறது.

சிபிடிபிபி வர்த்தக ஒப்பந்தம் 2022 நவம்பரில் மலேசியாவுக்கு அமலுக்கு வந்தது. உறுப்பு நாடுகள் யூபோவ் 1991இல் சேர வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. பாதுகாக்கப்பட்ட ரகத்தில் விவசாயி சொந்த நிலத்துக்கு விதை எடுப்பதை நாடுகள் வேண்டுமானால் அனுமதிக்கலாம் என்கிறது யூபோவ் 1991. விவசாயிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதற்கோ விற்றுக்கொள்வதற்கோ அந்த விலக்கில் இடமில்லை. ஒரு ரகத்துக்கு உரிமை கொடுக்கும்போது ஒப்பந்தம் சொல்லும் நிபந்தனைகளுக்கு மேல் வேறு நிபந்தனை வைக்கக்கூடாது என்றும் அதில் எழுதியிருக்கிறது. அதாவது ரகம் புதியதா, தனித்து நிற்கிறதா, சீராக இருக்கிறதா, நிலைத்திருக்கிறதா, சரியான பெயர் வைத்திருக்கிறாயா என்று கேட்கலாம். இந்த விதையை உனக்கு யார் கொடுத்தார்கள் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.